சுஹைல் வருகிறான்

நாகலிங்கத்தைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவன் தலையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அது சுற்றும். ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டினால் சுற்றும். மாடிப்படியில் நாலு படி ஏறித் திரும்பிப் பார்த்தால் சுற்றும். அரியலூர்ப் பக்கம் கடலைக்காட்டில் குனிந்தே வேலை பார்த்தவன் என்பதால் இந்தச் சங்கதி அவனுக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. ஏஜெண்டு விசா கொடுத்து, துபாய் அல் கூஸ் கேம்ப்பில் பெட்டியை வைத்து, மறுநாள் சைட்டில் எட்டாவது மாடிச் சாரத்தில் கொண்டுபோய் நிறுத்தியபோதுதான் தெரிந்தது. சாரக் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, காலையில் தின்ற சப்பாத்தி முழுவதையும் கீழே நின்ற ஃபோர்மேன் தொப்பியில் இறக்கிவிட்டான்.

அப்போதே விசாவைக் கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பியிருப்பார்கள். ஆனால் கம்பெனியின் பங்குதாரர் ஒரு அரபி. அவருடைய அம்மாவுக்கு அல் அய்ன் வீட்டில் ஒரு தோட்டக்காரன் தேவைப்பட்டது. செடியெல்லாம் தரையில்தானே முளைக்கிறது, இவனை அங்கே தள்ளிவிடு என்று தள்ளிவிட்டார்கள். விசா கம்பெனியிலேயே இருந்தது. தோட்டத்து வேலை முடிந்தால் மறுபடி சாரம்தான். அதனால் அவன் ராத்திரி சாமி கும்பிடும்போதுகூட, "செடி சாகக் கூடாது" என்றுதான் வேண்டுவான். பெண்டாட்டி மீனாம்பாள் பெயர்கூட அதற்குப் பிறகுதான் வரும்.

நான் சுகிர்தராணி. குளச்சல்காரி. அந்த அரபியின் அம்மாவுக்கு வீட்டு நர்ஸ். நர்சுக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்கு இருக்கிற பொறுமையையெல்லாம் நோயாளியிடமே செலவழித்துவிடுவேன், மற்றவர்களுக்கு மிச்சம் வைக்க மாட்டேன். வீட்டில் எங்களோடு இன்னொரு தமிழாள் டிரைவர் கௌஸ் முகம்மது, மேலப்பாளையம். இருபது வருடமாகக் கல்ஃபில் இருப்பவர், அரபியைக் கரைத்துக் குடித்தவர் என்று அவரே சொல்வார். வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அரபு வீடுகளில் வீட்டுக்காரியை எல்லாரும் "மாமா" என்றுதான் கூப்பிடுவோம். நாகலிங்கம் வந்த அன்று கௌஸ் முகம்மது, "மாமா உன்னைய கூப்பிடுதாவ" என்றதும், பயல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு பெரிய மனுசரைத் தேடி வீடெல்லாம் சுற்றியிருக்கிறான். ஹாலில், அந்த ஊர் வழக்கப்படி முகமூடி போட்ட ஒரு கிழவி ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தாள். "மாமா எங்க இருக்காருங்க?" என்று அவளிடமே தமிழில் கேட்டான். அவளுக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போனது.

இது நடந்தது இரண்டாயிரத்து நாலாம் வருடக் கோடையில். ஜூலை, ஆகஸ்டில் எங்கள் குழாய்களில் வருவது தண்ணீர் இல்லை, வெந்நீர். மொட்டைமாடித் தொட்டி பகலெல்லாம் வெயிலில் காயும். ஹீட்டரை அணைத்துவிட்டு ஹீட்டர்க் குழாயைத் திறந்தால் அதில்தான் கொஞ்சம் ஆறிய தண்ணீர் வரும். குளிர்காலத்துக்கு வெந்நீர்க் குழாய், வெயில்காலத்துக்குத் தண்ணீர்க் குழாய் என்று பெயரை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். இதெல்லாம் இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். நாகலிங்கத்துக்கு அதுதான் முதல் கோடை.

ஒரு நாள் மத்தியானம் புதினாப் பாத்தி வாடிக்கிடக்கிறதே என்று இரக்கப்பட்டு ஹோஸைத் திருப்பிவிட்டான். பாத்தி முழுக்க ஆவி பறந்தது. வீட்டுக்குள் இருந்த எனக்கே ரசம் வைக்கிற வாசனை வந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தால் புதினா கறுத்துச் சுருண்டு கிடக்கிறது, இவன் ஹோஸைப் பிடித்தபடி நிற்கிறான்.

"எனக்க மாதாவே! என்ன மக்கா, செடிய அவிச்சுப் போட்டியே!"

"குளுந்துக்கும்னு ஊத்துனேன் சிஸ்டர்" என்றான்.

மாமாவும் கோலை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டாள். ஹோஸ் தண்ணீரில் விரலை வைத்து வெடுக்கென்று எடுத்தாள். பாத்தியைப் பார்த்தாள். வேர்வையில் ஊறி, மூஞ்சி சிவந்து, உதடு வெடித்து நின்ற நாகலிங்கத்தை மேலும் கீழும் பார்த்தாள். திட்டவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு, எங்களுக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்.

"சுஹைல் இஜி, மாய் பாரித். சுஹைல் இஜி, ஸரா ஜேன். சுஹைல் இஜி, நாகா ரூஹ். கலாஸ்."

என் அரபி ஆஸ்பத்திரி அரபி. எங்கே வலிக்கிறது, மாத்திரை போடு, தூங்கு, ஒண்ணுக்குப் போச்சா, அவ்வளவுதான். நான் கௌஸ் முகம்மதைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடி, பரீட்சை ஒப்பிக்கிறவர் மாதிரி சொன்னார்.

"சுஹைல் வருதானாம். அவன் வந்தா தண்ணி குளுந்துருமாம். செடியெல்லாம் நல்லாயிருமாம். சுஹைல் வந்ததும் நாகலிங்கம் போகணுமாம். முடிஞ்சு."

இன்றைக்கும் சொல்கிறேன், அந்த மொழிபெயர்ப்பில் ஒரு சொல்கூடத் தப்பு கிடையாது. கோயிலில் வைத்துக் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

"எங்க போகணுமாம்?" என்று நாகலிங்கம் கேட்டான். எங்கே என்று மூன்று பேருக்கும் தெரியும். கம்பெனி அப்போது துபாயில் புதிதாக ஒரு டவர் கட்டும் வேலை எடுத்திருந்தது. அவன் ஹோஸைக் கீழே போட்டுவிட்டு, அந்தச் சுடுமண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான்.

மாமாவிடமே நேராகக் கேட்டுவிடலாம் என்றேன். நாகலிங்கம் காலில் விழாத குறையாகத் தடுத்தான். "வேணாம் சிஸ்டர். கேட்டா, 'அட ஆமால்ல, நாளைக்கே போ'ன்னுருவாங்க. கேக்காத வரைக்கும் நாம இருக்கலாம்." கல்ஃபில் பாதிப் பேர் பிழைப்பு இப்படித்தான் ஓடுகிறது என்பதால் நானும் ஒத்துக்கொண்டேன். அந்த சுஹைல் யார் என்று மட்டும் விசாரிக்கலாம் என்று முடிவானது.

கௌஸ் முகம்மது காரில் போகும்போதும் வரும்போதும் மாமாவிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்து, தினம் ஒரு சேதி கொண்டுவந்தார். சுஹைல் யமனி என்றாள் மாமா. ஆக, ஆள் யமன்காரன். வருடா வருடம் இதே சமயத்தில்தான் வருவானாம். அவளுடைய வாப்பா காலத்தில், ஒட்டகம் வைத்திருந்த காலத்தில், எல்லாரும் அவன் வருகிறானா என்று பாலைவனத்தில் நின்று காத்துக்கொண்டிருப்பார்களாம். அவன் வந்துவிட்டான் என்றால் பேரீச்சை, கால்நடை, கடல் எல்லாவற்றுக்கும் நிம்மதியாம்.

"வாப்பா காலத்து ஆளுன்னா, இப்ப அவனுக்கு என்ன வயசு இருக்கும்?" என்றேன் நான்.

"எம்பதுக்குக் கொறையாது" என்றார் கௌஸ் முகம்மது.

நாகலிங்கத்துக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. "கெழவன்தானா? கெழவன் இந்த வெயில்ல நிப்பானா? நின்னா செடிக்குப் பதிலா அவனையில்ல நாம தூக்கணும்."

"தண்ணியவே குளுமையாக்குத ஆளுவே அவன். வெயிலு என்ன செய்யும்?" என்றார் அவர். நான் அவரை முறைத்தேன். ஒரு மனுசன் கொஞ்சம் மூச்சுவிட்டால் அவருக்குப் பொறுக்காது.

அன்று ராத்திரி நாகலிங்கம் ஒரு முடிவுக்கு வந்தான். அந்தக் கிழவன் வருவதற்குள் தோட்டத்தைப் பச்சையாக்கிக் காட்டிவிட்டால், மாமா, "நீ எதுக்கு வந்தே? இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று அவனைத் திருப்பி அனுப்பிவிடுவாள். இதுதான் அவன் கணக்கு. அதற்கு வேண்டியது குளிர்ந்த தண்ணீர். குளிர்ந்த தண்ணீர் அந்த வீட்டில் ஒரே இடத்தில்தான் சும்மா கிடைத்தது. ஏசி மிஷின்களிலிருந்து சுவருக்குப் பின்னால் குழாய் வழியாகச் சொட்டிக்கொண்டிருக்கும் தண்ணீர்.

மறுநாளிலிருந்து எல்லாக் குழாய்க்கும் கீழே வாளி. வாளி நிறைய வேண்டும் என்றால் ஏசி ஓட வேண்டும். "சிஸ்டர், அந்த விருந்தாளி ரூம் ஏசியப் போட்டு விடுங்களேன். மல்லி கேக்குது" என்று ஜன்னல் வழியாகக் கெஞ்சுவான். எலுமிச்சைக்கு மாமாவின் மகன் ரூம். செம்பருத்திக்கு ஹால். காகிதப்பூவுக்கு மேல்மாடி ரூம் ரெண்டும். நான் ஒரு பைத்தியக்காரி, அவன் மூஞ்சியைப் பார்த்து எல்லாவற்றையும் போட்டுவிட்டேன். ஆள் இல்லாத ரூமில் எல்லாம் பதினாறு டிகிரி. வெளியே ஈயம் உருகுகிற வெயில், உள்ளே மாமா கம்பளியைப் போர்த்திக்கொண்டு தும்முகிறாள். ஆகஸ்ட் மாதத்தில், அல் அய்னில், ஒரு நோயாளிக்கு ஜலதோஷத்துக்கு மருந்து கொடுத்த நர்ஸ் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஏன் இவ்வளவு குளிர் என்று அவள் கேட்டால், "சுக்கருக்கு நல்லது மாமா" என்று சொல்லிவைத்தேன். கர்த்தர் அதை மன்னிப்பார், அவரும் ஒரு தோட்டத்தில்தான் எல்லாவற்றையும் ஆரம்பித்தார்.

நிழலுக்குப் பெட்ஷீட்டுகளைக் கட்டினான். பெட்ஷீட் தீர்ந்ததும் கொடியில் கிடந்ததெல்லாம் போயிற்று. என் வெள்ளை யூனிஃபார்ம் ஒன்று எலுமிச்சைச் செடியில் கை விரித்து நின்றதைப் பார்த்து, காஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆள் அதற்கு ஸலாம் சொல்லிவிட்டுப் போனான். ஒரு விடியற்காலையில் கௌஸ் முகம்மது ரூமிலிருந்து ஒரே அலறல். கண் விழித்தால் மூக்குக்கு நேரே செம்பருத்தி. நாலு தொட்டிகளை அவர் கட்டிலைச் சுற்றி அடுக்கியிருந்தான் நாகலிங்கம்.

"என்னைய அடக்கம் பண்ணிட்டாங்கன்னுலா நெனச்சேன்!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"ஒங்க ரூம் ஏசிதான் பாய் நல்லா கூலிங்கு" என்றான் இவன், ஏதோ பாராட்டுகிறவன் மாதிரி.

ஒன்று சொல்ல வேண்டும். செடிகள் பிழைத்துக்கொண்டன. மல்லி புதுத் துளிர் விட்டது. எலுமிச்சை இலை உதிர்வது நின்றது. சமையலறைக்குப் பின்னால் எனக்காக அவன் வைத்த கறிவேப்பிலைகூட நிமிர்ந்தது. மாமா தினமும் சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு, சந்தோஷமாகத் தலையாட்டி, "சுஹைல் கரீப்" என்பாள். பக்கத்தில் வந்துவிட்டானாம். பயல் அத்தனை பாடுபட்டும் அவள் வாயிலிருந்து அந்தக் கிழவன் பெயர்தான் வரும். எனக்குக் கோபம் கோபமாக வரும். வேலை செய்கிறவன் ஒருத்தன், பெயர் வாங்குகிறவன் யமனில் உட்கார்ந்திருக்கிறான்.

ஆகஸ்ட் கடைசியில் ஏசிகள் பழிவாங்கின. ராப்பகலாக ஓடி ஓடி, ஐஸ் கட்டி, மாமா ரூம் மிஷின் ஒரு தரம் உறுமிவிட்டு நின்றேவிட்டது. கௌஸ் முகம்மது ஏசிக் கடைக்கு ஃபோன் போட்டார், சாயங்காலம் மெக்கானிக்கை அனுப்புவதாகச் சொன்னார்கள். அவர் மாமாவுக்கு மருந்து வாங்கப் போய்விட்டார்.

மத்தியானம் கேட்டில் பெல் அடித்தது. நாகலிங்கம் போய்த் திறந்தான். நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே ஆறடிக்கு மேல் ஒரு ஆள். சிவப்பு முகம், பூனைக் கண், கையில் இரும்புப் பெட்டி.

"கோன்?" என்றான் நாகலிங்கம்.

"சுஹைல்."

நாகலிங்கம் கேட்டைப் பிடித்துக்கொண்டான். எண்பது வயது எங்கே, இவன் எங்கே? இவனுக்கு இருபத்தைந்துகூட இருக்காது. கிழவன் பேரனை அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தேன். வம்சத் தொழில் போலிருக்கிறது. மெக்கானிக் சாயங்காலம்தானே வருவான், அதனால் அந்தப் பக்கம் என் புத்தியே போகவில்லை.

நாகலிங்கம் அழுவான் என்று பார்த்தால், அவன் அந்த ஆளைக் கையைப் பிடித்துத் தோட்டத்துக்குள் கூட்டிக்கொண்டு போனான். ஒவ்வொரு செடியாகக் காட்டினான். கேம்ப்பில் கற்ற இந்தி அவனுக்கு ஒரு சாண் இருக்கும், அதை வைத்துக்கொண்டு, "பாய், யே மேரா. யே பீ மேரா. தேக்கோ, அச்சா" என்று, எல்லாம் தன்னுடையதுதான் என்கிற மாதிரி மல்லியைத் தடவினான். அந்த ஆள் பாவம், மரியாதைக்காரன். "அச்சா, பஹுத் அச்சா" என்று தலையாட்டிக்கொண்டே சுவரை அண்ணாந்து பார்த்தான். குழாயைப் பார்த்தான். வாளியைப் பார்த்துக் குனிந்து விரலை விட்டு, "பானி இதர் சே?" என்றான், தண்ணீர் இங்கேயிருந்தா என்று.

"ரகசியத்தக் கண்டுபிடிச்சுட்டான் சிஸ்டர்!" என்று நாகலிங்கம் என்னைப் பார்த்துக் கத்தினான்.

பிறகு அவனை நிழலில் உட்கார வைத்து, தன் மத்தியானச் சோற்றைப் போட்டான். என்னிடம் கேட்காமலேயே நான் பொரித்து வைத்திருந்த நெய்மீன் துண்டு ரெண்டும் அங்கே போனது. அவன் ரசித்துச் சாப்பிட்டு முடித்ததும், நாகலிங்கம் அவன் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "பாய், தும் ஜாவ். ப்ளீஸ். மேரேகோ உப்பர் மாஃபி. உப்பர் ஜாத்தா, சக்கர்!" என்று வானத்தைக் காட்டி, விரலைச் சுற்றி, கண்ணைச் செருகி, வாந்தி எடுப்பது மாதிரி செய்து காட்டினான். என்னை மேலே அனுப்பாதே, மேலே போனால் தலை சுற்றும் என்பது அர்த்தம். சொல்லும்போது நிஜமாகவே கண்ணீர் வந்துவிட்டது.

அந்த ஆள் மொட்டைமாடியை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. பெட்டியை எடுத்துக்கொண்டு, "டீக் ஹை, டீக் ஹை, கல் ஆயேகா" என்று சொல்லி வேகமாக வெளியேறினான். சரி, நாளை வருகிறேன் என்றதில் சரி மட்டும்தான் எங்கள் காதில் விழுந்தது.

நாகலிங்கம் குதித்த குதியைப் பார்க்க வேண்டுமே! நேராக மாமா ரூமுக்கு ஓடினான், நானும் பின்னாலேயே ஓடினேன். புழுக்கத்தில் விசிறிக்கொண்டிருந்த மாமாவின் முன்னால் நின்று, தனக்குத் தெரிந்த அரபி முழுவதையும் ஒரே மூச்சில் சொன்னான். "மாமா! சுஹைல் மாஃபி! சுஹைல் ரூஹ்! கலாஸ்!" சுஹைல் இல்லை, போய்விட்டான், முடிந்தது என்று அர்த்தம்.

மாமா விசிறியை நிறுத்தினாள். விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். வராதவன் எப்படிப் போவான் என்கிற மாதிரி அவனை ஒரு பார்வை பார்த்தாள். "லா, லா", இல்லவே இல்லை என்று சிரித்தாள். பிறகு கோலைத் தூக்கி மொட்டைமாடியைக் காட்டினாள். "புக்ரா, ஃபஜர். நாகா ஃபோக். ஷூஃப் சுஹைல்."

புக்ரா என்றால் நாளை. ஃபஜர் என்றால் விடியற்காலைத் தொழுகை நேரம். ஷூஃப் என்றால் பார். ஃபோக் என்ற சொல்லை மட்டும் நாகலிங்கத்துக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஃபோர்மேன் அன்று சாரத்துக்கு அடியில் நின்று கத்திய சொல் அது. மேலே.

சாயங்காலம் கௌஸ் முகம்மது வந்தார். "ஏசிக்காரன் வந்துட்டுப் போனானாமே? மாடியில என்னமோ இருக்கு, ஏறுனா ரத்தம் கக்கிருவேன்னு நம்ம தம்பி சொன்னானாம். நாளைக்கு ஓதிட்டு வாரேங்கான். சோறு நல்லா இருந்துச்சாம்."

"அவனா ஏசிக்காரன்?" என்றேன்.

"ஆமா. அவன் பேரும் சுஹைல்தான். அதுக்கென்ன, எங்க மச்சான் மவன் பேரும் சுஹைல்தான்."

என் மீன் போனதுதான் மிச்சம். நாகலிங்கம் ரூமுக்குப் போய்ப் பெட்டியைக் கட்டிவிட்டு வந்தான். வாளிகளைக் கழுவி வரிசையாகக் கவிழ்த்து வைத்தான். "வர்றவருகிட்ட சொல்லிருங்க சிஸ்டர். மல்லிக்கு இலையில தண்ணி படக் கூடாது, வேருலதான் ஊத்தணும். நம்ம கறிவேப்பிலையக் களைன்னு புடுங்கிறப் போறாரு" என்றான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்தக் கிழவியின் மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். மறுநாள் ரெண்டில் ஒன்று கேட்டுவிடுவது என்று இருந்தேன்.

விடியற்காலை பாங்கு சொல்லி முடித்ததும் மாமா எங்களை எழுப்பிவிட்டாள். அவள் முட்டிக்கு மாடிப்படி ஆகாது. கீழே முற்றத்தில் நின்றுகொண்டு கோலை ஆட்டி, "ஃபோக், ஃபோக், யல்லா" என்று எங்களை விரட்டினாள். நாகலிங்கத்தால் ஏற முடியுமா என்று எனக்குப் பயம். ஆனால் அவன் முன்னால் போனான். சட்டையை மாட்டிக்கொண்டு, தலை சீவி, தூக்குக்குப் போகிறவன் மாதிரி கிடுகிடுவென்று ஏறிவிட்டான்.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி இருந்தது, டிஷ் ஆண்டெனா இருந்தது, ஏசியின் வெளி மிஷின்கள் இருந்தன. சுஹைல் இல்லை. நாங்கள் தொட்டிக்குப் பின்னால்கூடத் தேடினோம்.

"ஷிஃப்ட்? ஷிஃப்ட்?" என்று கீழேயிருந்து மாமாவின் குரல்.

"ஷிஃப்டாம் சிஸ்டர். நைட் ஷிஃப்ட்டும் உண்டு போல" என்றான் நாகலிங்கம், வாடிய குரலில்.

"பாத்தியான்னு கேக்காவ" என்று கௌஸ் முகம்மது திருத்திவிட்டு, கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்து, "சுஹைல் மாஃபி, மாமா!" என்றார்.

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. கோலைத் தெற்குப் பக்கம் நீட்டி, தொண்டை கிழியக் கத்தினாள். "ஹுனாக்! சுஹைல்! நஜ்ம்! நஜ்ம்!"

தெற்கே பக்கத்து வீட்டுப் பேரீச்சை மரங்களுக்குக் கொஞ்சம் மேலே, ஒற்றையாக ஒரு நட்சத்திரம் மினுங்கிக்கொண்டிருந்தது. கௌஸ் முகம்மது அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தன் நெற்றியில் தானே படார் என்று அடித்துக்கொண்டார். "யா அல்லா! நஜ்முன்னா நச்சத்திரம்லா! குர்ஆன்ல ஓதியிருக்கேனே! சிஸ்டர், சுஹைல் ஆளு இல்ல. அந்தா நிக்கி பாரும், அதுதான் சுஹைல்!"

அது கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தால் கோடையின் முதுகு ஒடிந்தது என்று அர்த்தமாம். ராத்திரி குளிரத் தொடங்கும், தொட்டித் தண்ணீர் ஆறும், செடி தெளியும். நட்சத்திரத்துக்குப் போய் ஆம்பிளைப் பெயர் வைத்தால் மனுசர் என்னத்தைக் கண்டார்கள்? தப்பு எங்கள் மேல் இல்லை.

ஆனாலும் பாதிதான் தெளிந்தது. நான் சுவரோரம் போய், இருந்த ஆத்திரமெல்லாம் சேர்த்துக் கத்தினேன். "அப்ப நாகா ரூஹ்? நாகா எங்க ரூஹ், மாமா?"

"ஹிந்த்!" என்றாள் மாமா. இந்தியாவுக்கு. "இஜாஸா!"

இஜாஸா என்றால் லீவு. அந்தச் சொல் தெரியாத தொழிலாளி கல்ஃபில் கிடையாது. மாமா கீழே நின்று அடுக்கடுக்காகச் சொன்னதைக் கௌஸ் முகம்மது இந்தத் தடவை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே மொழிபெயர்த்தார். கோடையில் நாகா இல்லாவிட்டால் செடி ஒன்றுகூட மிஞ்சாது, அதனால்தான் அவள் அவனை விடவில்லையாம். சுஹைல் வந்துவிட்டதால் இனிக் கொஞ்ச நாளைக்கு டிரைவரே தண்ணீர் ஊற்றிக்கொள்வாராம். பெண்டாட்டி முகத்தைப் பார்த்துவிட்டு, குளிர்காலப் பூச்செடி நடுகிற சமயத்துக்கு அவன் வந்துவிட வேண்டுமாம். வராமல் இருந்தால் வேறு யார் செய்வார்கள், சுஹைல் இறங்கி வந்து அவள் மல்லிக்குத் தண்ணீர் ஊற்றுமா என்று கேட்டாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். நாகலிங்கம் சிரித்துக்கொண்டிருந்தான். சிரித்தபடியே மெல்லக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே பார்த்தான். அவ்வளவுதான். தொப்பென்று உட்கார்ந்து, தொட்டியின் காலைக் கட்டிப் பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டான். வேலை போச்சு என்று ஏறியபோது அவனுக்கு உயரமே தெரியவில்லை. வேலை இருக்கிறது என்றதும் எல்லாம் தெரிந்துவிட்டது.

"மக்கா, எறங்கு மக்கா."

"மாட்டேன் சிஸ்டர். சுத்துது."

கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். கௌஸ் முகம்மது இழுத்துப் பார்த்ததில் தொட்டிதான் அசைந்தது. விடிந்து, வெயில் ஏறி, மாடித் தரை சுட ஆரம்பித்த பிறகு கேட்டில் பெல் அடித்தது. இரும்புப் பெட்டியோடும், கழுத்தில் புதிதாகக் கட்டிய தாயத்தோடும், அந்த ஆறடி ஏசிக்காரன் வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டே மாடி ஏறி வந்தான். தொட்டியைக் கட்டிப் பிடித்திருந்த நாகலிங்கத்தைப் பார்த்ததும், நேற்று சொன்னது உண்மைதான் என்று அவனுக்கு முடிவாகிவிட்டது. ஒரு வார்த்தை பேசாமல் அவனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினான்.

முற்றத்தில் நின்ற மாமா அவன் பெயரை விசாரித்தாள். சொன்னான். சுஹைல் வந்துவிட்டான், நாகா இறங்கிவிட்டான் என்று சொல்லிச் சொல்லி அந்தக் கிழவி சிரித்ததில், நான் பிரஷர் பார்க்கும் மிஷினை எடுக்க ஓடினேன்.

நாகலிங்கம் ஊருக்குப் போனான். சொன்ன சமயத்துக்குத் திரும்பி வந்தான். அக்டோபரில் காற்று மாறியிருந்தது. ஏசிகளை எல்லாம் நிறுத்தி ஜன்னலைத் திறந்து வைத்திருந்தோம். நர்சரியிலிருந்து பெட்டூனியாவும் சாமந்தியும் தட்டுத் தட்டாக வந்து இறங்கின. ஒரு விடியற்காலையில் டீ கொடுக்கப் போனேன். நாற்று நட்டுக்கொண்டிருந்தவன் மண் கையோடு தெற்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டான். சுஹைல் இப்போது நன்றாக ஏறி, தோட்டத்தில் நின்றாலே தெரிந்தது.

"ஊர்ல ஜோசியர்கிட்ட விசாரிச்சேன் சிஸ்டர். இவரு நம்ம ஆளுதானாம். அகத்தியராம்!"

"எந்த அகத்தியரு?"

"குள்ளமா, கையில கமண்டலம் வச்சிருப்பாரே, அவருதான்." நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, மறுபடியும் நிமிர்ந்து பார்த்தான். குரலில் அத்தனை இரக்கம். "அந்தச் சின்ன மனுசனைப் போயி அவ்ளோ ஒசரத்துல நிக்க வச்சிருக்காங்களே சிஸ்டர். அவருக்குத் தலை சுத்தாது?"